சர்க்கரை பூக்கும் நேரம்

கிளறுவதை மட்டும் நிறுத்தக் கூடாது. கை ஓய்ந்தால் அடிபிடிக்கும், அடிபிடித்தால் கசக்கும், கசந்தால் அத்தனையையும் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. சர்க்கரைக்குக் கண் உண்டு என்று கலியமூர்த்தி நினைத்துக்கொண்டான், ஆள் முகத்தைத் திருப்புகிற நேரம் பார்த்துத்தான் அது கருகும். தண்ணீரும் சர்க்கரையும் முந்திரியும் ஒன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தன. மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளைச் சமையலறைத் தரையில் கிடத்தியிருந்தது. உள்ளறையில் மகள் தாரிகா தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள்தானா. மின்விசிறியின் கரகரப்புக்கு நடுவே அவள் மூச்சு கேட்கிறதா என்று கவனித்தான், கேட்கவில்லை. கேட்காதது நல்லதுதான், கேட்கிற மூச்சுக்குத்தான் பயப்பட வேண்டும், அந்த இழுப்பு, ஓட்டையடைத்த புல்லாங்குழலில் யாரோ ஊதுவதுபோல, அவளுடைய மூன்று வயதில் ஒரு தடவை கேட்டதுதான், ஆனால் அதற்குப் பிறகு அவன் காது வேறு எதற்கும் முழுசாக உதவவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த பிஸ்கட். அதில் இருந்தது அரைத்த வேர்க்கடலை, இருக்கிறதென்று அவளுக்கே தெரியாது. குழந்தையின் உதடு தடித்தது, கண் மூடிக்கொண்டது, பிறகு அந்த இழுப்பு, பிறகு படிக்கட்டில் ஏறிவந்த ஆம்புலன்ஸ்காரர்களின் கனத்த காலணிச் சத்தம். மனைவி சாருமதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றாள், அவன் கையில் காலியான தண்ணீர் டம்ளர் இருந்தது, எதற்காக அதை எடுத்தான் என்று இன்றைக்கும் அவனுக்குத் தெரியாது. போகட்டும். வாணலி புதுசு. மரக்கரண்டி புதுசு. சர்க்கரை பாக்கெட்டை இப்போதுதான் பிரித்தான். முந்திரியைக் கடையில் வாங்கவில்லை, மரத்தடியில் பொறுக்கிவைத்த கொட்டைகளை வாங்கிவந்து, சுட்டு, தோட்டின் பால் விரலைப் பொத்துப்போட, அவனே உடைத்து அவனே தொலி உரித்தான், இரண்டு விரல்நுனிகளில் இன்னும் தோல் கறுத்துக் கிடக்கிறது. எல்லாம் புதுசு, எல்லாம் அவன் கைப்பட. அப்படியிருந்தும் கணக்கை மறுபடி எடுத்துப் பார்த்தான். தாரிகாவை அனுப்புவதற்கு முன் பேசியபோது சாருமதி ஃபோனில் குரலை உயர்த்தவே இல்லை, உயர்த்தியிருந்தால்கூடத் தேவலை. பள்ளி விடுமுறை முழுக்க உன்னோடு இருக்கட்டும், அவளுக்கும் ஆசை, ஆனால் ஒரே ஒரு தப்பு நடந்தாலும் அப்புறம் நான் அனுப்ப மாட்டேன், கோர்ட்டுக்குப் போனாலும் அனுப்ப மாட்டேன் என்றாள். நியாயம்தான் என்றான் இவன். அவள் இடத்தில் இருந்திருந்தால் அவனும் அதையேதான் சொல்லியிருப்பான்.

குமிழ்கள் பெரிதாகின்றன. தண்ணீர் இறங்குகிறது. இனிமேல்தான் கவனம். இதே சத்தம், கொஞ்சம் பெரிய அளவில், ஜெர்மனியில் குடியிருந்தபோது ஸ்டுட்கார்ட்டின் கிறிஸ்துமஸ் சந்தையில் கேட்டது. நாலு மணிக்கே இருட்டிவிடுகிற டிசம்பர், சதுக்கம் முழுக்க மரக் கடைகள், ஒரு முனையில் தானாகச் சுற்றுகிற செம்புக் கொப்பரை, அதற்குப் பின்னால் தொப்பி போட்ட தடித்த மனுஷி. சர்க்கரையும் பட்டையும் வாதுமையும் சேர்ந்து வறுபடுகிற வாசனை, தெரு திரும்புவதற்கு முன்னாலேயே வந்து ஆளைப் பிடித்துக்கொள்ளும். தாரிகா அங்கே நின்றுவிடுவாள். கையுறைபோட்ட விரல்களால் அவன் விரலைப் பிடித்துக்கொண்டு, மூக்கை மட்டும் நீட்டி, உள்ளே இழுத்து, விடமாட்டாள். அந்தக் கொப்பரையில் வாதுமைக்கு முன்னால் வேர்க்கடலை சுற்றியிருக்கும், அடுத்த ஈடும் வேர்க்கடலையாக இருக்கும். ஆகவே வாசனையோடு சரி. வருஷா வருஷம் அந்தக் கடைமுன் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, சரி அப்பா, போகலாம் என்று அவளாகவே சொல்வாள், அழமாட்டாள், கேட்கமாட்டாள், அந்தக் கேட்காமைதான் அவனை அறுக்கும். முந்திரி, வாதுமை எல்லாம் அவள் சாப்பிடலாம், டாக்டர் சோதித்துச் சொன்னது, வேர்க்கடலை ஒன்றுதான் ஆகாது. அந்த ஒன்றுதான் எல்லாவற்றிலும் இருக்கிறது. இவன் வேலையை விட்டு, சாருமதியைப் பிரிந்து, பண்ருட்டிக்குப் பக்கத்தில் அக்கா இருக்கிற பிறந்த வீட்டுக்கே வந்து சேர்ந்த பிறகு ஒரு நாள் ஃபோனில் தாரிகாவே கேட்டாள், நாங்க இன்னைக்குச் சந்தைக்குப் போனோம் அப்பா, வாசனை பார்த்தேன், உங்க ஊர்ல முந்திரி மரம் இருக்குன்னு சொல்லுவீங்களே, வீட்டுல அதை மாதிரி செய்ய முடியுமா என்று. செய்யலாம், வா, புது வாணலியில் உனக்கே உனக்கென்று செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் இது எந்த ஊர் என்று நினைவு வந்தது.

இந்த ஊரில் மண்ணுக்கு மேலே முந்திரி, மண்ணுக்குக் கீழே வேர்க்கடலை. வேர்க்கடலை என்று யாரும் சொல்வதுகூட இல்லை, மல்லாட்டை. மல்லாட்டை எண்ணெயில்தான் தாளிதம், மல்லாட்டைப் புண்ணாக்கைத்தான் மாடு தின்கிறது, மல்லாட்டைக் கொடிதான் அதற்குத் தீனி, வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு முறம் நிறைய அவித்த மல்லாட்டையை நடுவில் வைத்துவிட்டுத்தான் சௌக்கியம் விசாரிப்பார்கள். ஆவணி பிறந்துவிட்டது, பிடுங்கின செடியை எதிர்மனையில் உதறிக் காயப்போட்டிருக்கிறார்கள், காற்றடித்தால் அந்தச் செம்மண் புழுதிதான் வீட்டுக்குள் வருகிறது. பிள்ளைப் பருவத்தில் அவனுக்கு அது மழை வாசனைக்கு அடுத்தபடி பிடித்த வாசனை. இப்போது ஜன்னலைச் சாத்திவிட்டு ஈரத்துணியை இடுக்கில் திணிக்கிறான். தாரிகா வருவதற்கு முந்தின வாரம் முழுக்க வீட்டைக் கழுவினான். மூட்டைகளைத் தெருக்கோடி வீட்டுக்கு அனுப்பினான். மாட்டையும் அனுப்பினான். அக்கா அஞ்சலாட்சி தோட்டத்துப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், மாட்டை ஓட்டிக்கொண்டு போனபோதுதான் வாயைத் திறந்தாள், ஏண்டா மூர்த்தி, மாட்டையும் நாடுகடத்திட்டியா என்று. இவன் சிரிக்கவில்லை. அவளும் அப்புறம் சிரிக்கவில்லை. அவளுடைய வாணலி, தோசைக்கல், கரண்டிகள் எல்லாம் கொட்டகைக்குப் போயின. மாமா போன பிறகு இருபது வருஷமாக அவள் ஒருத்தியாக ஆண்ட சமையலறையில், தம்பி உத்தரவு கொடுத்தால்தான் அவள் உப்பைத் தொட வேண்டும். விளக்கிச் சொன்னான், பலதடவை, பொறுமையாக. மல்லாட்டை தின்னு எந்தப் பிள்ளைடா செத்துச்சு என்று ஒரே ஒரு தடவை கேட்டாள், அவன் அந்த இழுப்பை, உதடு தடித்ததை, ஊசி இல்லாமல் போயிருந்தால் என்ன என்பதைச் சொன்னான், அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள், அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை. தேய்த்தாள். சாம்பல் போட்டு, புளி போட்டு, சோப்புப் போட்டு, மிச்சமிருந்த எல்லாப் பாத்திரத்தையும் மூன்று முறை. எல்லாத்தையும் கழுவிட்டேன்டா, போதுமா என்று கையைக் காட்டினாள், விரல் இடுக்கெல்லாம் வெந்துபோயிருந்தது. அக்காவிடம் இப்படி வேலை வாங்குகிறோமே என்று அன்றைக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைப் பார்த்தால் முடியுமா. நம்பிக்கை என்பது வேறு, கழுவுவது என்பது வேறு. அவள் கழுவினாள், நம்பினாளா. நம்பாமல் கழுவினால் எங்கேயோ ஒரு மூலை விட்டுப்போகும். எந்த மூலை. போன ராத்திரியெல்லாம் அதைத்தான் தேடிக்கொண்டு படுத்திருந்தான், அடுப்படி அலமாரி, அஞ்சறைப் பெட்டி, கைப்பிடித் துணி, வாசல் கதவின் தாழ்ப்பாள்வரை மனசாலே தடவிப் பார்த்தான், ஒன்றும் அகப்படவில்லை, அகப்படாதது நிம்மதியாக இல்லை.

கரண்டி கனத்தது. தண்ணீர் வற்றிப்போய், பாகு முந்திரியைச் சுற்றி வெள்ளையாக மங்கியது, பளிச்சென்று இருந்தது சட்டென்று செத்து, மணல் மணலாக உதிர ஆரம்பித்தது. பின்வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்தாள். ஐயையோ, பூத்துப்போச்சேடா என்றாள். பாகு பூத்துவிட்டால் அவளைப் பொறுத்தவரை காரியம் கெட்டது, அந்த ஈட்டைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு வேறு பாகு வைக்க வேண்டியதுதான். இல்லக்கா, இது பூக்கணும், பூத்த பிறகுதான் மறுபடி உருகும் என்றான். பூத்தது எங்கயாச்சும் உருகுமா, ஒங்க ஜெர்மனியிலதான் எல்லாம் தலைகீழாச்சே என்று அவள் சொன்னாள், ஆனால் குரலில் பழைய கிண்டல் இருந்தது, ரொம்ப நாளைக்குப் பிறகு. வந்து வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள், உள்ளே காலை வைக்கவில்லை, அந்த வைக்காததையும் அவன் பார்த்தான். வாக்கா என்றான். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். தீயைக் கொஞ்சம் குறைத்தான். வெள்ளை மணல் அடியிலிருந்து மெல்ல ஈரமாகி, பழுப்பாகி, இழைய ஆரம்பித்தது, ஒவ்வொரு முந்திரியும் தன் பங்கு வெல்லநிறத்தைத் தானே பூசிக்கொண்டதுபோல் திரும்பித் திரும்பி மினுங்கியது, அந்த வாசனை எழுந்தது, அதே வாசனை, சதுக்கத்து வாசனை, இங்கே, இந்த ஓட்டு வீட்டில். அக்கா மூக்கை உறிஞ்சினாள். பரவால்லியே, ஒனக்கு நெஜமாவே தெரியுதே என்றாள். அந்த நிமிஷம் உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. அவன் அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தான், தாரிகா புரண்டு படுத்திருந்தாள், அவ்வளவுதான், விமானத் தூக்கம் இன்னும் தெளியவில்லை, ராத்திரி முழுக்க விழித்திருந்து பகலில் தூங்குகிறாள். திரும்பி ஓடிவந்தான். சீக்கிரம் கொட்டுடா, கட்டியாயிடும் என்று அக்கா எவர்சில்வர் தட்டை நீட்டினாள். கொட்டினான். இரண்டு முட்கரண்டிகளால் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்தான், தட்டில் அவை கலகலவென்று உருண்டன, கண்ணாடிக் குண்டுகள்போல. பிரமாதமாக வந்திருந்தது. ஒன்றை எடுத்து ஊதிக் கடித்தான். முதலில் சர்க்கரை உடைகிற சத்தம், அப்புறம் இனிப்பு, கடைசியில் லேசான கசப்பு, அந்தக் கசப்பு இருந்தால்தான் அது அது. இன்னொன்றும் தின்றான். அக்காவுக்கும் ஒன்று கொடுத்தான், அவள் வாய்க்குள் அப்படியும் இப்படியும் ஒதுக்கிக்கொண்டு, ஒம் பொண்ணு ஒன்ன விடமாட்டா போ என்றாள்.

சந்தோஷம் வந்தால் அவனுக்கு உடனே யாரிடமாவது போய்ச் சொல்ல வேண்டும். மறுபடி உள்ளறைக்குப் போனான். ஜன்னல் சாத்தியிருந்ததால் அறை அரையிருட்டாக, சூடாக இருந்தது. தாரிகா ஒருக்களித்துப் படுத்திருந்தாள், வாய் கொஞ்சம் திறந்திருந்தது, நெற்றியில் வேர்வையில் முடி ஒட்டியிருந்தது. இரண்டு வருஷத்தில் கால் எவ்வளவு நீண்டுவிட்டது. விமான நிலையத்தில் பார்த்தபோது சட்டென்று யாரோ ஒரு பெண் தன்னைப் பார்த்துக் கையாட்டுவதாகத்தான் நினைத்தான். எழுப்பலாமா, சூட்டோடு கொடுக்கலாமா. வேண்டாம், எழுந்து வாசனை பிடித்துக்கொண்டு அவளாகவே வரட்டும், அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். குனிந்து கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தான், அவள் தூக்கத்திலேயே தோளால் அந்த இடத்தைத் துடைத்துக்கொண்டாள், சின்ன வயதில் செய்ததுபோலவே. சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டு வெளியே வந்தான். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான். தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். முந்திரிகள் ஆறிக்கொண்டிருந்தன, இடையிடையே டிக் டிக்கென்று சர்க்கரை இறுகுகிற சத்தம். தட்டு பளபளவென்று இருந்தது. நல்ல தட்டு. ஒட்டவே இல்லை, எல்லாம் உருண்டுவிட்டது, சாதாரணமாக எவர்சில்வர் தட்டில் கொட்டினால் பல்லைப் பிடித்த மாதிரி பிடித்துக்கொள்ளும். சர்க்கரைக்கு ஒட்டுவதுதான் குணம். எப்படி ஒட்டாமல் வந்தது. புதிய வெண்ணெய் தடவ வேண்டுமென்று எடுத்துவைத்திருந்தானே, தடவினானா. பொட்டலம் பிரிக்காமல் அதோ இருக்கிறது. தட்டைக் காய்ந்த துணியால் துடைத்து அடுப்புப் பக்கத்தில் வைத்தது வரைக்கும் நினைவிருக்கிறது. அப்போது அது மங்கலாக இருந்தது. மங்கலாகத்தான் இருந்தது. தட்டின் ஓரத்தை விரலால் தொட்டான். விரல் வழுக்கியது.

அக்கா, தட்டுல என்ன தடவினே என்று கேட்டபோது குரல் சாதாரணமாகவே வந்தது, அவனுக்கே ஆச்சரியம். எண்ணெய்தான் என்றாள் அவள் படியிலிருந்து, கீரைத்தண்டை ஒடித்துக்கொண்டே, நீ பாட்டுக்கு உள்ள ஓடிட்டே, தட்டு காய்ஞ்சு கெடந்துச்சு, அப்படியே கொட்டினா சுத்தியலால தட்டித்தான் எடுக்கணும், அதான் ரெண்டு சொட்டு விட்டுத் தேய்ச்சேன், நீ வாங்கியாந்த சூரியகாந்தி எண்ணெய்தான்டா, பயந்துக்காத. பயப்படவில்லை. சூரியகாந்தி எண்ணெய்தானே. பாக்கெட்டை அவன்தான் வாங்கினான், அச்சில் இருந்த பொடி எழுத்தைக் கடையிலேயே நின்று படித்துத்தான் வாங்கினான். பாக்கெட்லேர்ந்தா ஊத்தினே. இல்ல, பாக்கெட்டைக் காலையிலேயே வெட்டித் தூக்குச் சட்டியில ஊத்திட்டேனே, வெட்டின பாக்கெட்டு சாஞ்சுடும்ல. எந்தத் தூக்கு. எந்தத் தூக்கா, நம்ம எண்ணெய்த் தூக்குதான். கழுவினியா. அக்கா கீரையைக் கீழே வைத்தாள். எண்ணெய்த் தூக்கை யாராச்சும் கழுவுவாங்களாடா என்றாள். கோபமாக இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவனுக்குத் தெரியும். இந்த வீட்டில் பிறந்தவனுக்குத் தெரியாதா. உப்புச் சாடியும் அரிசிப் பானையும் எண்ணெய்த் தூக்கும் ஒரு நாளும் வெறுமையாகக் கூடாது, தீர்ந்துபோச்சு என்று வாயால்கூடச் சொல்லக் கூடாது, நிறைஞ்சிருக்கு என்றுதான் சொல்ல வேண்டும், அடியில் ஒரு விரற்கடை விட்டுவைத்து அதன் தலையில்தான் புதுசை ஊற்ற வேண்டும், வழித்துக் கழுவினால் வீட்டில் இருக்கிற தெய்வம் இறங்கிப் போய்விடும். அம்மா அப்படித்தான், அக்கா அப்படித்தான். அந்தத் தூக்கின் அடியிலிருந்த ஒரு விரற்கடை எத்தனை வருஷத்து எண்ணெய், செக்கில் ஆட்டின மல்லாட்டை எண்ணெய், அதன் தலையில் அடுத்தது, அதன் தலையில் அடுத்தது, அம்மா காலத்துச் சொட்டுகூட அதில் இருக்கும். கொட்டகைக்கு எல்லாவற்றையும் அனுப்பினோமே, தூக்கை யாரும் பாத்திரமென்றே எண்ணவில்லை, அது பூஜை மாடத்துக்குக் கீழே, விளக்குக்குப் பக்கத்தில், தன் இடத்தில் இருந்தது. அவன் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ராத்திரியெல்லாம் தாழ்ப்பாள்வரை தடவின மனசு அதன் மேல் மட்டும் படாமல் ஒதுங்கிப் போயிருக்கிறது. அவள் மறைக்கவில்லை. அவளைக் கேட்டால் எல்லாத்தையும் கழுவிட்டேன் என்பாள், அது சத்தியம்.

சரி, கொட்டிவிட்டால் போயிற்று, ஒன்றும் நடக்கவில்லை, தாரிகா தின்னவில்லை, தட்டோடு கொண்டுபோய்க் குழியில் கொட்டு, தூக்கையும் தூக்கிப் போடு, இன்றைக்கு நல்லகாலம், நடக்கவில்லை, நடக்கவில்லை என்று மனசு மளமளவென்று சுற்றிக்கொண்டே போனது, சுற்றின சுற்றில் ஓரிடத்தில் வந்து இடித்துக்கொண்டு நின்றது. நாக்கில் இன்னும் அந்த லேசான கசப்பு இருந்தது. இரண்டு தின்றான். தின்ற வாயோடு உள்ளே போனான். குனிந்தான். அவன் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது, அக்கா என்னடா என்னடா என்றாள், அவன் தொட்டியடியில் போய் வாயைக் கொப்பளித்தான், சோப்பை எடுத்து உதட்டைத் தேய்த்தான், முகத்தை, கையை, முழங்கைவரை, புதிய துண்டை நனைத்துக்கொண்டான். நிதானம், நிதானம். முத்தம் கொடுத்தவுடன் ஒன்றும் ஆகிவிடாது, தோலில் பட்டால் தடிக்கும், அதோடு நிற்பதுதான் அநேகமாக, டாக்டர் சொன்னார், அநேகமாக என்றுதான் அவரும் சொன்னார். அவள் தோளால் துடைத்துக்கொண்டாள். துடைத்த தோள் வாயில் பட்டிருந்தால். கன்னத்தைக் கையால் தேய்த்து, அந்த விரலை, சின்ன வயதுப் பழக்கம், இன்னும் தூக்கத்தில் விரலை வாய்க்குக் கொண்டுபோகிறாளா. அறைக்குள் போனதும், மூச்சடைத்தால் தொடையில் குத்துகிற ஊசிப் பேனாவை அலமாரியிலிருந்து எடுத்து மடியில் செருகிக்கொண்டான், விளக்கைப் போட்டான். கன்னத்தில் ஒரு சிவப்பு இருந்தது. ஒரு ரூபாய்க் காசு அளவு. முன்னாலேயே இருந்ததா. ஒருக்களித்துப் படுத்தவள், தலையணை மடிப்பாக இருக்கலாம். கொசுவாக இருக்கலாம், இந்த ஊர்க் கொசுவுக்குப் புது ரத்தம் என்றால் கொண்டாட்டம். ஆனால் முத்தம் கொடுத்தது எந்தக் கன்னம். இதுவா, அதுவா. தன் உதட்டிடம் கேட்டுப் பார்த்தான், உதட்டுக்கு ஒன்றும் நினைவில்லை, சந்தோஷமாகச் செய்தது எதுவும் உடம்பில் நிற்பதில்லை, அந்தக் காலியான டம்ளரின் கனம்தான் நிற்கிறது. மூச்சைக் கவனித்தான். வந்தது, போனது, வந்தது. இழுப்பு இல்லை. இல்லைதானே. சிவப்பு பெரிதாகிறதா. பார்த்துக்கொண்டே இருந்தால் எதுவும் பெரிதாகத்தான் தெரியும். கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தான். அப்படியேதான் இருந்தது, அல்லது இல்லை. வாசல்நிலையில் அக்கா வந்து நின்றாள், உள்ளே வராமல், கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு. அவளுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை, அவளே கூட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தாள். என் கையாலயா மூர்த்தி என்றாள். அவன் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயால்தான் அக்கா என்று சொல்லியிருக்க வேண்டும். தெருக்கோடி வீட்டுக் காரை எடுத்து வரச் சொல்லு, வாசல்ல நிக்கட்டும் என்றுதான் சொன்னான். அவள் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள், அறுபதை நெருங்குகிறவள், முட்டிவலிக்காரி, அவள் ஓடி அவன் பார்த்தே வருஷங்கள் ஆகின்றன.

ஈரத் துண்டால் அந்தக் கன்னத்தை ஒற்றினான். தாரிகா கண்ணைத் திறந்தாள். முதலில் துண்டைப் பார்த்தாள், அப்புறம் அவன் முகத்தை. திடுக்கிடவில்லை. பெரியவர்களின் முகத்தைப் படிப்பது அந்தக் குழந்தைக்குப் பாடப் புத்தகத்துக்கு முன்னால் வந்த படிப்பு.

"என்ன சாப்பிட்டீங்க அப்பா?" என்றாள்.

சொன்னான். முந்திரியைச் சொன்னான், தட்டைச் சொன்னான், எண்ணெயைச் சொன்னான், தூக்கை ஏன் கழுவ மாட்டார்கள் என்று சொல்லப்போய் அதில் தடுக்கி நின்றான். அவள் எழுந்து உட்கார்ந்து, பழக்கப்பட்டவளாக, நாக்கை நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டாள், எச்சிலை விழுங்கிப் பார்த்தாள், தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு மூச்சு விட்டுப் பார்த்தாள். தொண்டை நல்லா இருக்கு, இங்க மட்டும் கொஞ்சம் அரிக்குது என்று கன்னத்தைக் காட்டினாள். அவன் ஒவ்வாமை மருந்தை மூடியில் அளந்து கொடுத்தான், அவசரத்தில் கொஞ்சம் போர்வையில் சிந்தியது, அவளே மூடியை வாங்கி மறுபடி ஊற்றிக் குடித்தாள். அப்புறம் அவன் முட்டியில் கையை வைத்துக்கொண்டு, தணிந்த குரலில், யாரோ பக்கத்து அறையில் இருக்கிறார்கள் என்பதுபோல் சொன்னாள்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க. சொன்னா என்னை மறுபடி அனுப்ப மாட்டாங்க. இது சாயங்காலத்துக்குள்ள போயிடும், எனக்குத் தெரியும்."

போய்விடும்தான். அநேகமாகப் போய்விடும். காரை வாசலில் நிறுத்திக்கொண்டு ராத்திரிவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் போதும், அக்கா வாயைத் திறக்க மாட்டாள், குழந்தை திறக்க மாட்டாள், மிச்ச விடுமுறை இருக்கிறது, அடுத்த வருஷம் இருக்கிறது, அதற்கடுத்தது இருக்கிறது, இந்தக் கால் இன்னும் எவ்வளவு நீளும் என்று பார்க்கலாம். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள், அரிப்பு ஏறுகிறது போல, ஆனால் சொறியவில்லை, அவனுக்காகச் சொறியாமல் இருந்தாள். அப்படியானால் தொண்டை நல்லா இருக்கு என்று சொன்னது. அதுவும் அவனுக்காகச் சொன்னதாக இருந்தால். இன்றைக்கு இல்லாவிட்டால் இன்னொரு நாள், வேறு யாரோ ஒருவருக்காக, அவள் நேசிக்கிற யாரோ ஒரு முட்டாளின் மனம் நோகக் கூடாதென்று, தொண்டை அடைக்க அடைக்க நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அவன் ஃபோனை எடுத்தான். தாரிகா கையை அவன் முட்டியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

அங்கே காலை நேரம், சாருமதி அலுவலகத்தில் இருப்பாள். மணி ஒருமுறைகூட முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டாள். ஹலோ என்று சொல்லவில்லை. "என்ன ஆச்சு?" என்றாள்.

"அவ தூங்கிட்டிருந்தப்போ ஒரு முத்தம் கொடுத்துட்டேன் சாரு" என்றான்.

தாரிகா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள், கை கன்னத்துக்குப் போய்விடாதபடி இரண்டையும் தொடைகளுக்கு நடுவே இறுக்கி வைத்துக்கொண்டு.